பழைய சப்பாத்தும் கிளட்ச் பிளேட்டும்

சம்பளப் பட்டியலைப் படிப்பது எப்படி என்ற விளக்கத்தை இந்த வாரமும் தொடர்வதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். நடுவில் ஒரு வழக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது நம்மை 1897ஆம் ஆண்டு இங்கிலாந்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வழக்கு இதுதான். மேடும் பள்ளமுமான ஒரு செம்பனைத் தோட்டம். குலை ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் டிராக்டருக்கு எட்டு மாதத்தில் மூன்று முறை கிளட்ச் எரிந்துபோயிற்று. ஓட்டுநர் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறார், ஆகவே மூன்றாவது பிளேட்டின் விலையை அவர் சம்பளத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று ஆபீஸில் முடிவு கட்டிவிட்டார்கள். அவரோ இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர். பிடித்த விஷயத்தில் நமக்குக் குழப்பம் கிடையாது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறை போட்டிருக்கிறது. அதைக் காட்டிப் பேசினோம், பிடித்தம் நின்றது. ஆனால் நிர்வாகி கேட்ட ஒரு கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. ஓட்டுநர் மேல் தப்பு இல்லையென்றால் கிளட்ச் ஏன் எரிகிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

தோட்டப் பள்ளியில் நமக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் தங்கமானவர்கள். கிளட்சைப் பற்றி அவர்கள் எங்கே போய்ச் சொல்லித் தருவது? ஆகவே வெட்கப்படாமல் பட்டறைக்குப் போனோம். கழற்றிப் போட்டிருந்த பிளேட்டை மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தோம். விளிம்பெல்லாம் கருகிக் கிடந்தது. சில இடத்தில் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை. அந்தக் கருகலுக்குக் காரணம் தேடிப் படிக்கத் தொடங்கிய இடத்தில்தான் ஹெர்பர்ட் ஃபுரூட் நமக்குக் கிடைத்தார்.

இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் ஃபெரோடோ என்று அச்சடித்த அட்டைப் பெட்டியைப் பார்க்காத பட்டறை ஆள் அபூர்வம். அந்த ஃபெரோடோவைத் தொடங்கியவர்தான் ஃபுரூட். ஆங்கிலத்தில் தம் பெயரிலுள்ள ஐந்து எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் பெயரிலிருந்து முதல் எழுத்தை எடுத்து நடுவில் செருகினார். ஃபெரோடோ வந்துவிட்டது. வியாபாரப் பெயரில் மனைவிக்கு ஓர் எழுத்தாவது கொடுத்தாரே, அதற்கே அவரைப் பாராட்டலாம்.

1864இல் பிறந்த ஃபுரூட், தம் வேலையைத் தொடங்கிய ஊர் கூம்ஸ் என்ற சிறு கிராமம். இங்கிலாந்தில் டார்பிஷையர் மலைப்பகுதியில், மான்செஸ்டர் நகரிலிருந்து ஏறக்குறைய 20 மைலில் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள், சுண்ணாம்புக் கல் வெட்டும் குவாரிகள். அந்தக் காலத்தில் பாரமெல்லாம் குதிரை வண்டியில்தான் போகும். மேட்டில் ஏறுவது குதிரையின் பாடு. இறக்கத்தில் இறங்குவதோ வண்டிக்காரனின் உயிர்ப் பிரச்சினை. இரும்புப் பட்டை அடித்த சக்கரத்தின் மேல் மரக்கட்டை ஒன்றை அழுத்துவார்கள். அதுதான் பிரேக். மழை பெய்தால் வழுக்கும், வெயில் காய்ந்தால் தேய்ந்து புகையும். பிடிக்காமல் போனால் பின்னாலிருந்து பாரம் முழுதும் குதிரையின் மேல் வந்து இடிக்கும்.

இதற்கு வண்டிக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கிழிந்துபோன பழைய சப்பாத்து ஒன்றை எடுத்துக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்துவிடுவார்கள். தோல் நன்றாகக் கவ்விப் பிடிக்கும். ஃபுரூட் பார்த்தது அதைத்தான். படித்த பொறியாளர்கள் இரும்போடு இரும்பையும் மரத்தையும் உரசவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தினமும் அந்த இறக்கத்தில் இறங்குகிறவன் சப்பாத்தைக் கழற்றி விடையைக் காட்டிவிட்டான். அந்த வண்டிக்காரர்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதே தோல் வைத்தியம் இன்னோர் இடத்திலும் நடந்திருக்கிறது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், கணவர் செய்த மோட்டார் வண்டியில் தம் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்குப் போனார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? செருப்புத் தைப்பவரைப் பிடித்துக் கட்டையின் மேல் தோலை ஆணி அடித்துத் தரச் சொன்னார். வண்டி நின்றது.

ஃபுரூட் 1897இல் கூம்ஸில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் சோதனை செய்யத் தொடங்கினார். சப்பாத்துத் தோலைவிட நன்றாகப் பிடிப்பதாகவும் சீக்கிரம் தேயாததாகவும் ஒரு பொருள் வேண்டும். மில் யந்திரங்களில் ஓடும் பெல்ட்டைப் போல, பருத்தியிலும் மயிரிலும் அழுத்தமாக நெய்த துணியை எடுத்தார். தார் போன்ற பிட்டுமென் கரைசலில் அதை ஊறவைத்தார். காய்ந்து கெட்டியானதும் பிரேக் கட்டையில் பொருத்தினார். வண்டிச் சக்கரத்தை அது அமைதியாகப் பிடித்து நிறுத்தியது. பிரேக் லைனிங் என்று இன்றைக்கு நாம் சொல்லும் பொருளுக்கு இதுதான் ஆரம்பம் என்று எழுதுகிறார்கள்.

சரி, இது பிரேக் கதையாக அல்லவா இருக்கிறது, கிளட்ச் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். பிரேக்கில் சுழல்கிற ஒன்றை நிற்கிற ஒன்று பிடித்து நிறுத்துகிறது. கிளட்சில் சுழல்கிற எஞ்சின், நிற்கிற கியர்ப் பெட்டியைப் பிடித்துத் தன்னோடு சுழல வைக்கிறது. இரண்டிலுமே நடுவில் ஒரு லைனிங் உண்டு. பிடிக்கிற அந்தச் சில விநாடிகளில் அது வழுக்கித்தான் பிடிக்கும். வழுக்கும்போது எஞ்சினின் சக்தி சூடாக மாறும். எவ்வளவு சூடு? 40 குதிரைச் சக்தி எஞ்சின் என்றால் ஏறக்குறைய 30 கிலோவாட். டிராக்டர் சேற்றில் மாட்டி அசையாமல் நிற்க, எஞ்சின் முழு வேகத்தில் ஓட, கிளட்ச் மட்டும் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பதைச் சேர்த்து அந்தச் சின்ன வளையத்தின் மேல் வைத்த மாதிரி. துணி மேல் ஒரே பெட்டியை மறந்து வைத்தாலே என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

ஃபுரூட்டின் பருத்தி லைனிங்குக்கும் அந்தக் கதிதான் நேர்ந்தது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் வந்தால் பருத்தி கருகத் தொடங்கும். குதிரை வண்டிக்கு அது போதும். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1902இல் அவர் பக்கத்திலுள்ள சேப்பல்-என்-லெ-ஃபிரித் என்ற ஊரில் ஒரு பழைய மில்லுக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். அதே வருஷங்களில் சாலையில் மோட்டார் வண்டிகள் வந்துவிட்டன. லண்டன் வீதிகளில் குதிரை பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது. பாரமும் வேகமும் கூடக் கூட, நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் உண்டாகும் சூடும் கூடியது.

அன்றைய மோட்டார் வண்டிக் கிளட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. புனல் மாதிரி ஒரு கூம்பு, அதன் மேல் தோல் உறை. தோல் காய்ந்தால் வெடுக்கென்று கவ்வி வண்டி துள்ளும். அதற்காக ஓட்டுநர்கள் ஆமணக்கெண்ணெய் தடவி வைப்பார்கள். எண்ணெய் கூடிவிட்டால் வழுக்கும், உடனே களிமண் பொடியைத் தூவுவார்கள். மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது போல கிளட்சுக்கும் பார்த்திருக்கிறார்கள்! ஆக, பிரேக்கும் கிளட்சும் இரண்டுமே சூட்டைத் தாங்கும் ஒரு பொருளுக்காகக் காத்திருந்தன.

1908இல் ஃபுரூட் அதைக் கொண்டுவந்தார். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கனடாவின் கியூபெக் பகுதிப் பாறைகளில் நிறையக் கிடைத்த தாதுப்பொருள். பாறையாக இருந்தாலும் பஞ்சு மாதிரி பிரித்து நூலாக நூற்கலாம். தீயில் போட்டாலும் எரியாது. அந்த நூலோடு பித்தளைக் கம்பியும் சேர்த்து நெய்து, பசையில் ஊறவைத்து லைனிங் செய்தார். பித்தளைக் கம்பி பலம் கொடுத்தது. கல்நார் கருகாமல் நின்றது. லோரிக்கும் காருக்கும் அது பொருந்தியது. கிளட்ச் கூம்பின் தோலையும் மெல்ல மெல்ல இப்படிப்பட்ட லைனிங்குகள் வெளியே தள்ளிவிட்டன.

இங்கே கொஞ்சம் நின்று, கிளட்ச் லைனிங்குக்குப் பொருள் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். நம் வழக்குக்கு இதுதான் முக்கியம். பட்டறை ஆட்கள் சிரிக்காமல் இருந்தால் சரி, நாம் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் பிடிமானம். இதற்கு உராய்வு எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது 0.35 என்றால், 100 கிலோ அழுத்தினால் 35 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்கும் என்று பொருள். சாதாரணக் காய்ந்த கிளட்ச் லைனிங்குகள் 0.3க்கும் 0.4க்கும் நடுவில் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று உடனே நினைத்துவிடக் கூடாது. மிகவும் கவ்விப் பிடித்தால் டிராக்டர் துள்ளும், கியர்ப் பல் அடி வாங்கும், டிரெய்லர் கொக்கி நோகும். அதைவிட முக்கியம், சூடு ஏறிய பிறகும் அந்த எண் அப்படியே நிற்கிறதா என்பது. சில லைனிங்குகள் காலையில் நன்றாகப் பிடிக்கும். மத்தியானம் மேட்டில் நாலு தடவை பாரம் இழுத்தபின் பிடி தளர்ந்துவிடும். பிடி தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு, சூடு ஏறினால் இன்னும் தளர்ச்சி. கடன்காரன் வட்டி மாதிரி அது தானாகவே வளரும். கடைசியில் பசை கருகி மேல்பக்கம் கண்ணாடியாகிவிடும். நாம் கையில் வாங்கிப் பார்த்த மினுமினுப்பு அதுதான்.

இன்னொன்று, லைனிங் எதன் மேல் உரசுகிறதோ அந்த இரும்பையும் பார்க்க வேண்டும். லைனிங் தேயாமல் பிளைவீலைத் தின்றுவிட்டால் யாருக்கு லாபம்? அப்புறம் மழை, சேறு, எண்ணெய். காய்ந்து ஓட வேண்டிய கிளட்சில் ஆயில் சீல் ஒழுகினால், உலகத்திலேயே விலை உயர்ந்த லைனிங்கைப் போட்டாலும் அது சறுக்கு மரம்தான்.

ஃபுரூட்டின் பெருமை என்னவென்றால், இந்தக் கேள்விகளையெல்லாம் அவர் சோதனை செய்தே பார்த்தார். கண்ணால் பார்த்து, தேய்த்து, சூடாக்கி, எது நிற்கிறது எது கருகுகிறது என்று வேலையிலேயே கண்டுகொண்டார். 1920களில் நெய்த லைனிங்குக்குப் பதிலாக, சிறு கல்நார் இழைகளையும் பித்தளைத் துகளையும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யும் முறை வந்தது. சேப்பல்-என்-லெ-ஃபிரித் ஊரில் ஃபெரோடோ என்றால் வேலை, வேலை என்றால் ஃபெரோடோ என்று ஆயிற்று. 1920களின் நடுவில் டர்னர் அண்ட் நியூவால் என்ற பெரிய கல்நார்க் கம்பெனிக் கூட்டு ஃபெரோடோவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அந்தக் கூட்டின் முக்கியமான கிளை மான்செஸ்டருக்கு வடக்கே ராச்டேல் நகரில் இருந்தது. ராச்டேல் என்றால் நம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஞாபகம் வர வேண்டும். 1844இல் ஏழை நெசவாளர்கள் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்த அதே ஊர். அங்கே டர்னர் சகோதரர் கல்நார் ஆலையில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நார் நூல் நூற்று வந்தார். நெசவு லைனிங்குக்கு மூலப்பொருள் அப்படிப்பட்ட நூல்தான். 12 வயதில் கல்நார் வேலைக்கு வந்தவர், 1917 முதல் டர்னர் ஆலையில் இருந்தார். 1922இல் மூச்சு வாங்க முடியாமல் வேலையை விட்டார். கல்நார்த் தூசியால் வந்த நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும், நஷ்ட ஈடு தரக் கம்பெனி மறுத்தது. அப்படி ஒரு நோயே இல்லை என்ற நிலையில் நின்றார்கள். 1924 மார்ச் 14இல், 33 வயதில் அவர் இறந்தார். டாக்டர் வில்லியம் குக் அவருடைய நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே கல்நார்த் துகள்கள் தைத்திருப்பதை மருத்துவ ஏட்டில் எழுதினார். 1927இல் அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் வைத்தார். நெல்லியைப் புதைத்த இடத்தில் பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை.

இதைப் படித்தபோது நமக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் ஃபுரூட் ஒருவரை நிறுத்தி வைத்துத் திட்டுவதில் நியாயம் இருப்பதாக நமக்குப் படவில்லை. அவர் ஓடும் வண்டியை நிறுத்தப் பார்த்தவர். மலை இறக்கத்திலும் நகர வீதியிலும் அவர் லைனிங்கால் பிழைத்த உயிர்கள் ஏராளம். அதே சமயம், தூசியின் ஆபத்து யாருக்குமே தெரியாமல் இருந்தது என்று சொல்வதையும் நாம் ஏற்க மாட்டோம். 1898லேயே லூசி டீன் என்ற தொழிற்சாலைப் பெண் இன்ஸ்பெக்டர், கல்நார்த் தூசி கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாக இருப்பதையும் அது தொழிலாளர்களைக் கெடுப்பதையும் அரசாங்க அறிக்கையில் எழுதிவிட்டார். 1906இல் டாக்டர் மாண்டேகு மர்ரே என்பவர் அரசாங்கக் குழுவின் முன்னால் சாட்சி சொன்னார். அவரிடம் வந்து இறந்துபோன கல்நார்த் தொழிலாளி, தன்னோடு அதே அறையில் வேலை செய்த பத்துப் பேரும் முன்பே செத்துப்போனதாகக் கூறியிருக்கிறார். இவை இரண்டும் 1908க்கு முந்தியவை. அறிக்கைகள் அலமாரியில் இருந்தன. ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு நாள் உழைக்கும் என்று லைனிங்கிடம் நூறு கேள்வி கேட்ட அந்தத் தொழில், தேய்ந்து பறக்கும் தூள் யார் நெஞ்சுக்குள் போகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டது.

1930இல் இங்கிலாந்தின் அரசாங்க டாக்டர் மெரிவெதரும் இன்ஸ்பெக்டர் பிரைஸும் கல்நார் ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். 1931இல் கல்நார்த் தொழில் விதிகள் எழுதப்பட்டன. தூசியை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், தொழிலாளர்களை டாக்டர் பார்க்க வேண்டும் என்று வந்தது. அதே 1931இல்தான் ஹெர்பர்ட் ஃபுரூட் காலமானார். அந்த விதிகள் கல்நார்ப் பொருள் தயாரிக்கும் ஆலைகளுக்கு மட்டும். தயாரித்து அனுப்பிய லைனிங்கைப் பட்டறையில் கழற்றி, ஊதி, தேய்த்து, ரிவிட் அடிக்கும் மெக்கானிக்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஃபுரூட்டின் லைனிங் அவருக்குப் பின்னால் உலகமெல்லாம் சுற்றியது. கார், லோரி, ரயில், புல்டோசர், டிராக்டர் எதையும் விடவில்லை. 1955இல் ரிச்சர்ட் டால் என்ற ஆராய்ச்சி டாக்டர், ராச்டேல் ஆலைத் தொழிலாளர்களையே ஆராய்ந்து, கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று காட்டினார். பிரேக், கிளட்ச் பட்டறைகளுக்கென்று அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது 1975இல். மலேசியாவில் கல்நார் வேலைமுறை விதிகள் 1986இல் வந்தன. சிங்கப்பூர் 1990களின் நடுவில் வண்டிகளின் கல்நார் லைனிங்குக்குக் கடிவாளம் போட்டது. ஃபுரூட் பிறந்த நாடு எல்லா வகைக் கல்நாரையும் தடை செய்ய 1999 ஆயிற்று. ஃபெரோடோவைச் சேர்த்துக்கொண்ட டர்னர் அண்ட் நியூவால், நோயாளிகளின் நஷ்ட ஈட்டு வழக்குகளைத் தாங்க முடியாமல் 2001இல் தாய்க் கம்பெனியோடு சேர்ந்து திவால் பாதுகாப்புக்குப் போனது.

நாம் தோட்டப் பள்ளியில் படித்த 1980களின் கடைசியில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் டிராக்டர் கொட்டகை. கிளட்சைப் பிரித்தால் மெக்கானிக் மாமா காற்றுக் குழாயைப் பிடித்து உஸ்ஸென்று ஊதுவார். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி தூசி கிளம்பும். பையன்கள் நாம் அதைப் பார்த்துக் கைதட்டுவோம். தேய்ந்த பிளேட்டை உருட்டி விளையாடுவோம். மாமா முகத்தில் ஒரு துணிகூடக் கட்டமாட்டார். பிற்காலத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுவார். சுருட்டுப் பழக்கம் என்று எல்லாரும் சொன்னோம். சுருட்டும்தான் பிடித்தார். என்ன வேலை செய்தீர்கள் என்று அவரை யாரும் கேட்டதாக நமக்கு ஞாபகமில்லை. இந்த நோய் தூசி போன உடனே வருவதில்லை. 20, 30, 40 வருஷம் கழித்து, ஓய்வு வாங்கி, தோட்டத்தைவிட்டு வெளியேறி, ஆவணமெல்லாம் தொலைந்த பிறகு வரும். கிளட்ச் சூட்டில் கல்நார் இழை பெரும்பாலும் வேறு பொருளாக மாறிவிடும் என்பது உண்மையே. ஆனால் எல்லாம் மாறுவதில்லை. புது லைனிங்கை ராவினாலும் துளையிட்டாலும் வருவதோ மாறாத இழை.

இப்போது கனரக யந்திரங்களுக்குக் கல்நார் இல்லாமலே பல வகை இருக்கின்றன. கண்ணாடி இழை, அராமிட் என்ற செயற்கை இழை, பிசின் எல்லாம் கலந்த லைனிங் மென்மையாகப் பிடிக்கும். சாதாரண வேலைக்குப் போதும், சூடு மிஞ்சினால் கருகும். பீங்கானும் உலோகத் தூளும் சேர்த்துச் சுட்ட வில்லைகளைப் பிளேட்டில் பதித்த வகை ஒன்று உண்டு. பாரம் இழுக்கும் டிராக்டருக்கும் லோரிக்கும் அது கெட்டிக்காரன். சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், பிளைவீலையும் தேய்க்கும். பெரிய புல்டோசர் போன்றவற்றில் பல பிளேட்டுகளை எண்ணெய்க்குள்ளேயே மூழ்க வைத்துவிடுகிறார்கள். அங்கே சுட்ட வெண்கலத் தூள் அல்லது காகிதம் மாதிரியான ஒரு பொருள் லைனிங்காக இருக்கும். உராய்வு எண் 0.1 அளவுக்குக் குறைந்துவிடும், ஆகவே பிளேட்டுகளைக் கூட்டி நல்ல அழுத்தம் கொடுக்க வேண்டும். சூட்டை எண்ணெய் அள்ளிக்கொண்டு போய்விடும், தூசியும் கிளம்பாது. இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த மேடு, எத்தனை டன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை நின்று கிளம்புகிறது என்று கேட்டால்தான் பதில் வரும். அதைச் சொல்ல முடிந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்.

நம் வழக்குக்கு வருவோம். பட்டறையில் பார்த்தபோது, ஸ்டோரிலிருந்து வந்த மூன்று பிளேட்டுமே விலை குறைந்த, சாதாரண வேலைக்கான வகை என்று தெரிந்தது. ஆயில் சீல் ஒழுகிக்கொண்டிருந்தது. டிரெய்லரில் ஏற்றும் குலையின் அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. ஓட்டுநர் மேட்டில் பாதிக் கிளட்சில் நிறுத்துவதுண்டு என்று அவரே ஒத்துக்கொண்டார். கைபிரேக் பிடிக்காத வண்டியில் அவர் வேறு என்ன செய்வார்? நிர்வாகியிடம் இதையெல்லாம் எழுத்தில் கொடுத்தோம். அவரும் தன்மையான மனிதர்தான், மறுக்கவில்லை. சீல் மாற்றியாயிற்று. கைபிரேக் சரியாயிற்று. பாரம் இழுக்கும் டிராக்டர்களுக்குப் பீங்கான் வில்லை பதித்த பிளேட் வாங்க ஒப்புக்கொண்டார்கள்.

தூசி விஷயம் இன்னும் முடியவில்லை. அந்தப் பட்டறையில் கிளட்சைப் பிரித்தபின் தரையைக் கூட்டுவது வங்காளதேசத்திலிருந்து வந்திருக்கும் ஒரு தம்பி. காய்ந்த துடைப்பத்தால்தான் கூட்டுகிறார். காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும், தரையை நனைத்த பிறகே கூட்ட வேண்டும், அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று மெக்கானிக் அண்ணன் வழியாக அவருக்கு விளக்கினோம். கல்நார் இல்லாத தூசியும் நெஞ்சுக்கு நல்லதல்ல, ஆகவே எந்தப் பெட்டி வந்தாலும் இதே முறைதான். ஸ்டோரின் மேல் தட்டில், எழுத்து அழிந்துபோன நான்கு பழைய பெட்டிகளில் லைனிங் இருக்கிறது. எந்தக் காலத்தது, எதனால் செய்தது என்று பெட்டியில் ஒன்றும் இல்லை. தெரியாத வரைக்கும் அதைக் கல்நார் என்றே எண்ணி, பையில் கட்டி ஒதுக்கி வைத்து, 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிகளின்படி அனுப்ப வேண்டும் என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை. உங்கள் தோட்டத்து ஸ்டோரிலும் அப்படிப் பெட்டிகள் இருந்தால் திறக்காமல் நமக்கு எழுதுங்கள்.

அடுத்த வாரம் சம்பளப் பட்டியல்.